ஆகாயத்தில் நூல் வியாபாரம்

எங்கப்பா ஆகாயத்துக்குப் போயும் நூல் வியாபாரம்தான் பண்ணாரு. இப்ப இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க, நானும் சேர்ந்துதான் சிரிக்கறேன். அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலீங்க, பத்திக்கிட்டு வந்துச்சு. மாசக்கணக்கா உக்காந்து நட்சத்திரம், கிரகம், நிலான்னு ஒண்ணொண்ணா எழுதி, ஒரு முழு ஆகாயத்தையே கம்ப்யூட்டருக்குள்ள பண்ணி வெச்சிருக்கேன். இந்த மனுசன் பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டே ரெண்டு கிரகத்துக்கு நடுவுல போறதும் வாரதுமா இருக்கறாரு. ஒண்ணுல நூல் வாங்கறாரு, இன்னொண்ணுல பனியன் விக்கறாரு. அக்கட்டால என்ன இருக்குதுன்னு எட்டிக்கூடப் பாக்கலை.

தொண்ணூறுகள்ல பாதி தாண்டின சமயம் அது. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் டிகிரி முடிச்சுட்டு திருப்பூர்ல ஊட்டுல இருந்தேன். எங்களுக்கு ஊடும் பனியன் கம்பெனியும் ஒண்ணுதான். முன்னால ஆபீஸ், பின்னால தகரம் போட்ட ஷெட்டு, மாடியில நாங்க. ஷெட்டுக்குள்ள கட்டிங் டேபிள், தையல் மெஷின் வரிசை, கடைசியில டியூப் லைட்டுக்கு அடியில செக்கிங் டேபிள். அந்தச் செக்கிங் டேபிள் எங்கம்மாவோட ராஜ்ஜியம். பனியனைத் திருப்பிப் போட்டு, கையில கட்டரை வெச்சுப் பிசிறு வெட்டி, ஓட்டை இருக்குதா, தையல் உட்டிருக்குதான்னு பாத்து அம்மா தலையாட்டினாத்தான் அது பெட்டிக்குள்ள போகும். எங்கப்பாவே அதுல குறுக்க பேச மாட்டாரு.

அப்பாகிட்டச் சரக்கு வாங்கற பையர் ஒரே ஒருத்தன்தான். வெளிநாட்டுக்காரன். முன்ன ஒருக்கா ரெண்டாவது பையர் ஒருத்தனை நம்பி சரக்கு அனுப்பி, அது அப்படியே திரும்பி வந்துருச்சு. அதுல இருந்து அப்பாவுக்குப் புதுசுன்னாலே ஆகாது. புது பையர் வேண்டாம், புது சாயப்பட்டறை வேண்டாம், டீ குடிக்கக்கூட ஒரே பேக்கரி. அந்தப் பேக்கரி லீவுன்னா அன்னைக்கு டீயே இல்லை.

கம்ப்யூட்டர் மட்டும் எப்படியோ உள்ள வந்துருச்சு. பையரோட ஏஜென்ட், "கம்ப்யூட்டர் இல்லாத கம்பெனி ஒரு கம்பெனியா"ன்னு என்னமோ சொல்லிட்டுப் போனான், அப்பா ரோசத்துல வாங்கிப்போட்டாரு. இன்வாய்ஸ் அடிக்க, பேக்கிங் லிஸ்ட் அடிக்க. மிச்ச நேரமெல்லாம் மிஞ்சின ரிப் துணியில அம்மா தெச்ச உறையைப் போத்திக்கிட்டு அது தூங்கும். அந்த உறையைத் தூக்கிப்போட்டு நான் உக்காந்ததுல இருந்துதான் இந்தக் கதை.

ஒரு நாள் அவிநாசியில இருந்து எங்க மாமா, அம்மாவோட தம்பி, ஊட்டுக்கு ஒறம்பறையா வந்தாரு. அவரு கம்பெனியில ஒரு ஃப்ளாட்லாக் மெஷின் சும்மா கெடந்துச்சு. எங்க கம்பெனியில பனியனுக்குக் கீழ்மடிப்பு அடிக்க ஃப்ளாட்லாக் பத்தாம, வெளிய குடுத்து வாங்கிட்டு இருந்தோம். மாமாவுக்கோ ஒரு கம்ப்யூட்டர் வேணும். ரெண்டு பேரும் காப்பி ஆறறதுக்குள்ள பேசி முடிச்சுட்டாங்க. இந்த சீசன் சரக்கு லாரி ஏறின மறுநாள் மாமா டெம்போவுல ஃப்ளாட்லாக்கை அனுப்புவாரு, அதே டெம்போவுல கம்ப்யூட்டர் அவிநாசிக்குப் போகும்.

என்னை ஒரு வார்த்தை கேக்கலை. வந்துச்சே கோவம்! காப்பி வட்டாவை டொக்குன்னு வெச்சேன், மாமா வேட்டியெல்லாம் தெறிச்சுச்சு. நான் படிச்ச படிப்புக்கு அந்த ஊட்டுல இருந்தது அந்த ஒரு பொட்டிதான். அது போச்சுன்னா நான் அத்தனை வருசம் பஸ் ஏறிப் படிச்சது முச்சூடும் போச்சு. வெளிய கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் மணிக்கணக்கா உக்கார ஒரு பொம்பளப்புள்ளைய அன்னைக்கு ஆரு உடுவாங்க?

"அது இன்வாய்ஸ் அடிக்கற பொட்டி மட்டும் இல்லீங்கப்பா. அதுல நான் ஒரு ஆகாயம் பண்ணியிருக்கேன். நீங்க ஒருக்கா உக்காந்து பாருங்க"ன்னேன்.

அப்பா சிரிச்சாரு. எங்கப்பாவுக்கு உக்காரவே தெரியாது, அதுதான் சிரிப்பு. சாப்பிட உக்காந்தாலும், "மொதலாளி, சாயம் போட்ட துணி வந்துருச்சுங்க"ன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், சோத்துக் கையோட எந்திரிச்சு ஓடிருவாரு.

"சரி கண்ணு, ஒண்ணு பண்ணு. சரக்கு போறதுக்குள்ள என்னைய அது முன்னால உக்கார வெச்சு, ஆரு கூப்பிட்டாலும் எந்திரிக்காம பண்ணிப்போடு பாக்கலாம். அப்படிப் பண்ணீட்டா பொட்டி எங்கயும் போகாது. உங்க மாமன்கிட்ட நான் பேசிக்கறேன்."

மாமா வேட்டியைத் தொடச்சுக்கிட்டே, "மச்சான் எந்திரிக்காம உக்காந்திருந்தா நானே வந்து பந்தல் போடறேன்"ன்னாரு. அம்மா காப்பி கொட்டின தரையத் தொடச்சாங்க, அவ்வளவுதான்.

அந்த வெளையாட்டைப் பத்திச் சித்த சொல்லிடறேன். எல்லாரும் அதை ராக்கெட்டுன்னுதான் சொன்னாங்க. கருப்புத் திரை. நடுவுல நம்ம ஊடு மாதிரி ஒரு நிலையம், அதுக்குப் பக்கத்துல நூல் கிரகம், பனியன் கிரகம். மிச்சம் எல்லாம் இருட்டு. எந்தப் பக்கம் ராக்கெட் போகுதோ அந்தப் பக்கம் நட்சத்திரம் ஒவ்வொண்ணாத் தெரிய வரும். ஆளுக்கொரு கலர்ல, முக்கோணமா ஒரு ராக்கெட். அப்பாவுது பச்சை, அம்மாவுது மஞ்சள். ஒருத்தர் எந்திரிச்சா அவரு ராக்கெட் நின்ன எடத்துலயே நிக்கும், அடுத்தவர் உக்காந்து அவருதை ஓட்டலாம். ஆகாயம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எரிபொருள்னு நான் எழுதி வெச்சதை எல்லாரும் டீசல்னாங்க, நானும் டீசல்னே மாத்திட்டேன். ரெண்டு ராக்கெட் பக்கத்துல பக்கத்துல நின்னா ஒருத்தருக்கொருத்தர் எதை வேணா மாத்திக்கலாம்: நூல், டீசல், புள்ளி, எதுவா இருந்தாலும். பனியன் வித்தாப் புள்ளி வரும், புள்ளி இருந்தாத்தான் நிலையத்துல டீசல் போட முடியும்.

இதுல எனக்கு இருந்த ஒரே தலைவலி, புதுசா ஒரு எடத்தைக் கண்டுபிடிச்சா எத்தனை புள்ளி குடுக்கறதுங்கறது. கம்மியாக் குடுத்தா ஒருத்தனும் போக மாட்டான். எச்சாக் குடுத்தா வியாபாரத்தை ஒருத்தனும் சீந்த மாட்டான். உப்பு மாதிரிதான் அது. நான் போட்டதெல்லாம் ஒண்ணு சப்புனு இருந்துச்சு, இல்லீன்னா கரிச்சுச்சு.

மொதல்ல கம்மியா வெச்சிருந்தேன். அப்பா உக்காந்தாரு. நூல் வாங்கி பனியன் வித்தாரு. திருப்பி நூல் வாங்கி திருப்பி பனியன் வித்தாரு. "அப்பா, இந்தப் பக்கம் போய்ப் பாருங்களேன்"ன்னா, "தெரிஞ்ச ரூட்டு நல்லா ஓடறப்ப தெரியாத ரூட்டு எதுக்குக் கண்ணு?"ன்னாரு. சாயப்பட்டறை வேன் ஹாரன் அடிச்சுச்சு. எந்திரிச்சுப் போயிட்டாரு.

அப்பா ஒருத்தரை வெச்சு முடிவு பண்ண முடியாதுன்னு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஷெட்டு ஆளுங்களையும் வெளையாட உட்டேன். ரெண்டு பேரு ரொம்ப ஆசையா வந்தாங்க. ஒருத்தரு கட்டிங் மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு, பேச்சுல ஆளை வித்துருவாரு. இன்னொருத்தரு ஓவர்லாக் மெஷின் அண்ணன், பேசவே மாட்டாரு, ஆனா கை காத்து மாதிரி போகும்.

இனி ஒவ்வொரு புது எடத்துக்கும் நல்ல புள்ளின்னு மாத்தினேன். ரெண்டே நாள்ல ஓவர்லாக் அண்ணன் புள்ளி எங்கயோ போயிருச்சு. எனக்குப் பெருமை தாங்கலை, எத்தனை தூரம் போயிருப்பாருன்னு பாத்தா, மனுசன் ஊட்டுப் பக்கத்துலயே நிக்கறாரு! பனியன் கிரகத்தைச் சுத்தி அழகுக்காக நான் பொடிப் பொடிக் கல்லா ஒரு வளையம் தூவி வெச்சிருந்தேன். அந்தக் கல்லு ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுக் கணக்கு ஏத்திட்டு இருக்கறாரு.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் ஒரு எடமுங்களா?"

"பீஸ் ரேட்டுங்களே"ன்னாரு. அத்தோட முடிஞ்சுது பேச்சு. பீஸுக்கு இத்தனைன்னு சொன்னா எந்த டெய்லர் போய் பெரிய பீஸா எடுத்துத் தெப்பாரு? திருப்பூர்ல பொறந்து வளந்த எனக்கு இது தெரியலை பாருங்க. என் தலையில நானே ரெண்டு போட்டுக்கிட்டேன்.

சரி, எண்ணிக்கை வேண்டாம். எத்தனை நேரம் வெளிய ஓட்டறாங்களோ அத்தனைக்குப் புள்ளின்னு மாத்தினேன். மறுநாள் மத்தியானம் ஆபீஸுக்குள்ள போறேன், ராக்கெட் இருட்டுக்குள்ள தன்னால பறந்துட்டு இருக்குது, நாற்காலியில ஆள் இல்லை. கிட்டப் போய்ப் பாத்தா, மேல போற பட்டனை அமுக்கி, அட்டைப்பெட்டி ஒட்டற டேப்பைப் போட்டு ஒட்டி வெச்சிருக்குது. கட்டிங் மாஸ்டர் பேக்கரியில இருந்து வாயைத் தொடச்சுக்கிட்டு வாராரு.

"என்ன தங்கச்சி, மொறைக்கீக? ஷிப்டு ஓடிக்கிட்டுதான இருக்கு? நான் டீ குடிக்கப் போனா மெஷினா நின்னு போச்சு?"

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லீங்க மாஸ்டர், வெறும் இருட்டு!"

"ஷிப்டுக்குச் சம்பளம்னு சொன்னது நீங்கதான? வேலைக்குன்னா சொன்னீக?"

அந்த டேப்பைப் பிச்சு எடுக்கறப்ப பட்டன்ல இருந்த எழுத்தும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. நான் கத்தின கத்தல் செக்கிங் டேபிள் வரைக்கும் கேட்டுருக்குது. அம்மா அங்க இருந்தே, "தொண்டை கட்டிக்கும் கண்ணு"ன்னாங்க.

நடுவுல அம்மாவும் வெளையாடுவாங்க. சாப்பிட்டு முடிச்சு, வட்டலைக் கழுவி வெச்சுட்டு, கையில இருக்கற பஞ்சுத் தூசியைத் தட்டிட்டு வந்து உக்காருவாங்க. அம்மா வெளையாடறதைப் பாத்தா எனக்கு இன்னும் கோவம் வரும். அவங்க நூலும் வாங்கலை, பனியனும் விக்கலை. கல்லும் எண்ணலை. ஆரம்பத்துல எல்லாருக்கும் குடுத்த புள்ளி முச்சூடுக்கும் டீசலைப் போட்டுக்கிட்டு, ஒரே பக்கமாப் போயிட்டே இருப்பாங்க. ஒரு நட்சத்திரம் வந்தா நிப்பாங்க, பாப்பாங்க, மறுக்கா கெளம்பிருவாங்க. கெடைச்ச புள்ளியைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

"ஏம்மா, எதுக்கு அந்தப் பக்கமே போறீங்க? திரும்பி வர டீசல் வேணுமல்லோ?"

"அங்க என்ன இருக்குதுன்னு பாக்கத்தான் கண்ணு."

"பாத்து?"

"பாத்துட்டு, அதுக்கும் அக்கட்டால என்ன இருக்குதுன்னு பாக்கோணும்."

எங்கம்மா பொறந்த ஊரு குண்டடத்துப் பக்கம். கண்ணாலமாகி வந்ததுல இருந்து டியூப் லைட்டுக்கு அடியிலதான். பழனிக்கு ஒருக்கா, மாமா ஊர்க் கோயில் நோம்பிக்கு ஒருக்கா, அதுக்கு மேல எங்கயும் போனதில்லை. அதெல்லாம் அப்ப எனக்குத் தோணலை. எனக்கு வேண்டியது எங்கப்பா எந்திரிக்காம உக்கார்றது. அம்மா எந்த விதிக்கும் மசியாததால, அவங்களைக் கணக்குல சேக்கவே இல்லை.

சரக்கு நாள் நெருங்குச்சு. ஷெட்டுல ஒன்றரை ஷிப்ட் ஓடுச்சு. பெட்டி பெட்டியா அடுக்கறாங்க. கடைசியா ஒரு விதி போட்டேன். ஒரு நட்சத்திரத்தை மொதமொதல்ல ஆரு கண்டுபிடிக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும்தான் புள்ளி, அதுவும் அள்ளிக் குடுக்கறது. நட்சத்திரத்துக்குக் கீழ அவங்க கலர்ல ஒரு கோடும் விழும். பொடிக்கல்லுக்குப் புள்ளி கெடையாது, நேரத்துக்கும் கெடையாது. இதுல எவனும் ஏமாத்த முடியாதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன்.

நெசமாவே வேலை செஞ்சுது. ரெண்டு நாள்ல ஆகாயத்துல பாதி வெளிச்சமாயிருச்சு. எங்க பாத்தாலும் நட்சத்திரம், எல்லாத்துக்கும் அடியில கோடு. ஆனா எல்லாக் கோடும் பச்சை.

பச்சை எங்கப்பா கலரு. எங்கப்பா ராக்கெட்டோ அந்த ரெண்டு நாளும் நிலையத்தை உட்டு நகரவே இல்லை! என்ன நடந்துச்சுன்னு பாத்தா, மனுசன் அதையும் ஜாப் ஒர்க்குக்குக் குடுத்துட்டாரு. நூல் வியாபாரத்துல சேத்து வெச்ச புள்ளிக்கு டீசல் வாங்கி மாஸ்டர் கையிலயும் ஓவர்லாக் அண்ணன் கையிலயும் குடுக்கறது. அவங்க போய் நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சுட்டு நிலையத்துக்கு வந்து, பக்கத்துல நின்னு, அப்பா பேருக்கு மாத்திக் குடுக்கறது. எதை வேணா மாத்திக்கலாம்னு நான்தான எழுதி வெச்சேன்? எங்க ஊர்ல துணி பின்னற நிட்டிங் ஒருத்தர், சாயம் ஒருத்தர், பிரிண்டிங் ஒருத்தர்னு எல்லாத்தையும் வெளிய குடுத்துத்தான் ஒரு பனியன் பொறக்குது. ஆகாயத்தை மட்டும் அந்த மனுசன் தானே போய்ப் பாப்பாருன்னு நான் எப்படித்தான் நெனைச்சனோ!

"முச்சூடும் எம்பட பேர்லதான் இருக்குது கண்ணு. இனி நான் எதுக்குப் போகோணும்?"னு கேட்டாரு அப்பா. நல்ல சந்தோசமாத்தான் கேட்டாரு. திரை முழுக்கப் பச்சையாத் தெரியறதைச் சித்த நேரம் பாத்தாரு. அப்புறம் கொட்டாவி உட்டாரு. பேக்கிங்ல இருந்து ஆருமே கூப்பிடலை, தானாவே எந்திரிச்சுப் போயிட்டாரு.

நான் அந்த நாற்காலியில உக்காந்து அழுதேன். வெக்கமில்லாம ஓன்னு அழுதேன். மாஸ்டர் வந்து எட்டிப் பாத்துட்டு, "நல்ல வெளாட்டுதான் தங்கச்சி, மொதலாளிதான் அதைவிட நல்லா வெளாடுதாவ"ன்னு சொல்லிட்டு மெதுவா நழுவிட்டாரு.

சரக்கு லாரி ஏறுச்சு. மறுநாள் வெடியால இருந்தே ஷெட்டு வெறிச்சோடிக் கெடந்துச்சு, பாதிப் பேருக்கு லீவு. நான் கம்ப்யூட்டரைத் தொடச்சு உறையைப் போத்தி வெச்சேன். மத்தியானம் டெம்போ வரும்னு மாமா போன் பண்ணிட்டாரு. அப்பாவும் அம்மாவும் மாடியில சாப்பிட உக்காந்தாங்க, நான் பரிமாறிட்டு நின்னேன். சாம்பாரை ஊத்தறப்பக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் ஊத்தினேன்.

அப்ப அம்மா ரசத்தைப் பெசஞ்சுக்கிட்டே கேட்டாங்க. "ஏனுங்க, பொட்டி என் தம்பி ஊட்டுக்குப் போயிட்டா நான் எப்படிங்க திரும்பி வாறது?"

"எங்கிருந்து?"ன்னாரு அப்பா.

"ஆகாயத்துல இருந்துதானுங்க. டீசல் தீந்து போச்சு. நான் அங்கியேதான் நிக்கறேன்."

அப்பா கை சோத்துலயே நின்னு போச்சு. "எப்ப இருந்து புள்ள?"

"ஒரு வாரம் இருக்குமுங்க."

"ஒரு வாரமா! ஏன் சொல்லலை?"

"நீங்கதான் வேலையா இருந்தீங்களே. ஒண்ணும் கஷ்டமில்லீங்க. அங்க ரெண்டு நட்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்திட்டே இருக்குது, ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். தினமும் உக்காந்து அதைத்தான் பாத்துட்டு இருக்கறேன். நல்லாத்தான் இருக்குது. பொட்டி போனா அவன் அழிச்சுப்போடுவானேன்னுதான் கேட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த ரெட்டை நட்சத்திரம் நான் ஆசை ஆசையாப் பண்ணினது. ஒண்ணையொண்ணு சுத்த வெக்கறதுக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆகாயத்தோட ஒரு கோடியில கொண்டுபோய் வெச்சேன், ஒருத்தரும் அங்க போகலைன்னு நெனைச்சிருந்தேன். எங்கம்மா அங்க ஒரு வாரமா நின்னுட்டு இருந்திருக்காங்க.

அப்பா எந்திரிச்சுட்டாரு. சோத்துக் கையோடதான். கூடவே நானும் படியெறங்கி ஓடறேன். உறையை அவரே உருவிப் போட்டாரு, ரிப் துணியெல்லாம் சாம்பாரு. "பத்த வையி கண்ணு இதை"ன்னாரு.

"கையக் கழுவீட்டு வாங்கப்பா!"

கழுவிட்டு வந்து உக்காந்தாரு. அதுக்குள்ள சத்தம் கேட்டு மாஸ்டர் வந்துட்டாரு. விசயத்தைக் கேட்டதும், "இதுக்கு எதுக்கு மொதலாளி நீங்க? டீசலைக் குடுங்க, நான் ஒரு ஓட்டம் போயிட்டு வாரேன்"ன்னாரு.

அப்பா திரும்பி அவரை ஒரு பார்வை பாத்தாரு. "ஊட்டுக்காரி அத்துவானத்துல நிக்கறா. இதைப் போய் ஜாப் ஒர்க்குக்குக் குடுக்க முடியுங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் ஒதுங்கி எம்பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாரு.

"ஏனுங்கப்பா, அங்க போனா புள்ளி எதுவும் வராதுங்க. அந்த நட்சத்திரத்தை அம்மா ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னேன். பழக்கதோசத்துல சொல்லிட்டேன்.

"இப்ப ஆரு புள்ளி கேட்டா?"ன்னு எரிஞ்சு விழுந்தாரு.

சேத்து வெச்ச புள்ளிக்கெல்லாம் டீசலைப் போட்டாரு. பச்சை ராக்கெட் மொதத் தடவையா வியாபாரத்துக்கு இல்லாம நிலையத்தை உட்டுக் கெளம்புச்சு. நூல் கிரகத்தைத் தாண்டுச்சு, பனியன் கிரகத்தைத் தாண்டுச்சு. அப்பா கழுத்தை முன்னால நீட்டி, பஸ்ஸுல டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காந்த மாதிரி பாக்கறாரு. அவரு பேர்ல இருக்கற நட்சத்திரம் ஒவ்வொண்ணா வருது. "இதும் எம்பட பேர்லதானா?"ன்னு கேக்கறாரு. ஒண்ணைச் சுத்திப் பச்சை வளையம், ஒண்ணுக்கு வால் மாதிரி பொகை. "இத்தனை நல்லா இருக்குதே, ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலையே"ன்னாரு. மாஸ்டர் எம்பக்கம் பாத்து உதட்டைப் பிதுக்கினாரு.

அப்புறம் பச்சைக் கோடெல்லாம் முடிஞ்சு இருட்டு வந்துச்சு. அப்பாவுக்கு நெத்தியெல்லாம் வேர்வை. ஃபேன் ஓடுது, இருந்தும் வேர்வை. "எந்தப் பக்கம் புள்ள?"ன்னாரு. அம்மா சாப்பிட்டு முடிச்சு, வட்டல் கழுவிட்டு, நிதானமா வந்து அவரு நாற்காலிக்குப் பின்னால நின்னாங்க. "நேராப் போங்க. வழியில ஒரு நிலா வருமுங்க, அதுக்கு எடது கைப் பக்கம்"ன்னாங்க. எங்கம்மா எங்கப்பாவுக்கு ரோட்டு வழி சொல்லி நான் கேட்டதேயில்லை. அப்பாவும் மறுபேச்சுப் பேசாம எடது கைப் பக்கம் திருப்பினாரு.

செவப்பும் நீலமும் தெரிஞ்சுச்சு. அதுக்குப் பக்கத்துல ஒரு மஞ்சள் முக்கோணம், ஆடாம அசையாம. "அட சாமி!"ன்னாரு அப்பா. பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தி, பாதி டீசலை அம்மாவுக்கு மாத்திக் குடுத்தாரு. திரையில புள்ளின்னு இருந்த எடத்துல சைபர் காட்டுச்சு. அவரு அதைப் பாக்கவே இல்லை, அந்த ரெண்டு நட்சத்திரம் சுத்தறதைத்தான் பாத்துட்டு இருந்தாரு.

"இப்ப நீ உக்காரு புள்ள. ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்துரு, நான் பின்னாலயே வாறேன்"ன்னு எந்திரிச்சு எடம் குடுத்தாரு.

அம்மா உக்காந்தாங்க. மஞ்சள் ராக்கெட் குலுங்கி நகந்துச்சு. ஊட்டுப் பக்கம் திரும்பலை. அப்படியே நேரா, அந்த ரெண்டு நட்சத்திரத்துக்கும் நடுவுல பூந்து, அக்கட்டால இருட்டுக்குள்ள போயிருச்சு.

"ஏம்புள்ள! ஊடு இக்கட்டால!"

"தெரியுமுங்க. சித்த அக்கட்டால பாத்துட்டு வந்தர்றேன்."

"டீசல் மறுக்காவும் தீந்து போச்சுன்னா?"

"நீங்கதான் இருக்கறீங்களே"ன்னு சொல்லிட்டு அம்மா எந்திரிச்சாங்க. மிச்சமிருந்த கொஞ்சம் பனியனுக்குப் பிசிறு வெட்டறதுக்குச் செக்கிங் டேபிளுக்குப் போயிட்டாங்க. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு, அடக்கிக்கிட்டுப் போறாங்க.

அப்பா தலையில கையை வெச்சாரு. அப்புறம் மாஸ்டரைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. பச்சை ராக்கெட் மஞ்சளைத் தேடிக்கிட்டு இருட்டுக்குள்ள பூந்துச்சு. அந்தப் பக்கம் எங்க கம்பெனி ஆளுங்க ஒருத்தரும் போனதில்லை, நானே எழுதிட்டு மறந்துபோன எடமெல்லாம் வருது. ஒவ்வொண்ணு வாரப்பவும் அப்பா, "அட, இதென்னது?"ங்கறாரு. நான் சொல்றதுக்குள்ள, "சொல்லாத, சொல்லாத, நானே பாக்கறேன்"ங்கறாரு.

வாசல்ல ஹாரன் கேட்டுச்சு. மாமா டெம்போ. பின்னால கயித்தைப் போட்டுக் கட்டி, சாக்கு போத்தி, ஃப்ளாட்லாக் மெஷின் நிக்குது. டிரைவர் எறங்கி, "ஏனுங்க, மெஷின் கொண்டாந்திருக்குதுங்க"ன்னு சத்தம் போட்டாரு. அப்பா எந்திரிக்கலை. டிரைவர் உள்ள வந்து ஆபீஸ் கதவைத் தட்டினாரு. அப்பா எந்திரிக்கலை. ஹாரனை மறுக்கா அடிச்சாரு, தெருவே திரும்பிப் பாக்குது, எங்கப்பா அசையலை! மாஸ்டர் எங்கையைப் பிடிச்சு அமுக்கினாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒட்டுக்கா வந்துச்சு.

"அப்பா, டெம்போ வந்துருச்சுங்க"ன்னேன்.

திரையில இருந்து கண்ணை எடுக்காமயே சொன்னாரு. "டீ வாங்கிக் குடுத்து அப்படியே திருப்பி அனுப்பிரு கண்ணு. உங்கம்மா இன்னும் ஊடு வந்து சேரலை."